இடது கண்ணில் மிச்சம்

ஐலாஷ் ஒட்டினால் மஸ்காரா போட வேண்டுமா, வேண்டாமா? என் பார்லருக்கு வருகிற பெண்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. நீங்கள் இன்ஸ்பெக்டர், உங்களுக்கு வேறு கேள்விகள் இருக்கும். ஆனாலும் இங்கிருந்து ஆரம்பித்தால்தான் நடந்தது உங்களுக்கு விளங்கும், மேடம்.

பதில் சுலபம். சொந்த இமை முடி உள்ளவளுக்கு முதலில் மஸ்காராவை லேசாக இழுத்துவிட்டு, அது காய்ந்த பிறகு ஐலாஷ் ஒட்ட வேண்டும். அப்போதுதான் சொந்த முடியும் ஒட்டு முடியும் ஒன்றாகச் சேரும், பக்கத்தில் நின்று பார்த்தாலும் இரண்டு வரிசை தெரியாது. ஒட்டிய பிறகு மேலே பூசுகிறவள் தொழில் தெரியாதவள். அந்த ஐலாஷ் மறுநாளைக்கு உதவாது. சொந்த முடியே இல்லாதவளுக்கு மஸ்காரா தேவையில்லை. பூசுவதற்கு அங்கே என்ன இருக்கிறது?

என் தங்கை மெர்சிக்கு மஸ்காரா தேவைப்பட்டதே இல்லை.

என் பார்லர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கும்மிடிப்பூண்டி பஜாரில், மருந்துக்கடைக்கு மேல்மாடி. சிப்காட்டுக்குப் போகிற கம்பெனி வேன்கள் என் ஜன்னலுக்குக் கீழேதான் திரும்பும். ஷிப்டு முடித்து வருகிற பெண்கள் புருவம் எடுக்க வருவார்கள். அவர்கள் முகத்தைத் துடைத்தால் பஞ்சு கறுத்துப்போகும், அவ்வளவு இரும்புத் தூசி. முகூர்த்த நாட்களில் எளாவூர் வரைக்கும் போய் மணப்பெண் அலங்காரம் செய்துவிட்டு வருவேன். என் கையால் ஒரு பெண்ணுக்கும் புருவம் கோணியதில்லை. ஒரு பெண்ணுக்கும் தோல் தடித்ததில்லை. இதை மட்டும் நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

சின்ன வயதில் எங்கள் வீடு அத்திப்பட்டில் இருந்தது. நைனா சாம்சன் அனல் மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தார். அம்மா ரோசம்மாள் வீட்டில் இருந்தாள். நான் மூத்தவள். எனக்கு நன்றாக விவரம் தெரிந்த வயதில் மெர்சி பிறந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவள் கண்ணைத்தான் சொன்னார்கள். அத்தனை நீளமான, அடர்த்தியான இமை முடி. யாராவது வீட்டுக்கு வந்தால் போதும், அம்மா ஒரு தீக்குச்சியை எடுத்து மூடிய இமை மேல் வைப்பாள். குச்சி விழாது. "இன்னா கண்ணு ரோசம்மா இது, கன்னுக்குட்டி கண்ணு" என்பார்கள். பிறகு அவர்கள் பார்வை என் மேல் வரும். ஏதாவது சொல்ல வேண்டுமே. "பெரியவ வேலைக்கு கெட்டி" என்பார்கள்.

உண்மைதான். நான் வேலைக்குக் கெட்டி. வந்தவர்களுக்கு டீ போட்டதும் நான்தான்.

இமை முடி ஊதுகிற விளையாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். உதிர்ந்த முடி ஒன்று கன்னத்தில் கிடந்தால் அதை எடுத்துப் புறங்கையில் வைத்து, கண்ணை மூடி, மனதில் ஒன்றைக் கேட்டுவிட்டு ஊத வேண்டும். முடி பறந்தால் கேட்டது நடக்கும். என்ன கேட்டோம் என்று வெளியே சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் செய்வார்கள். அம்மாவுக்குப் பிடிக்காது. "கேக்கறத ஏசப்பாகிட்ட கேளுங்கடி" என்று திட்டுவாள்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுச் சென்னையில் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நைனா அங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் நானும் மெர்சியும். அவள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். ஓயாமல் ஒரே கேள்வி.

"அம்மா எப்பக்கா வரும்?"

"எம்மாந்தடவ கேப்ப? பேஜாரு பண்ணாத. இமை முடிய ஊதிக் கேளு, வரும்."

"முடி உதுரவே மாட்டேங்குதுக்கா."

"அது உதுர்ற வரைக்கும் அம்மா தாங்குமா? நீயே எடு."

நான் சொன்னது இவ்வளவுதான். என் விரல் அவள் இமையில் படவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, புறங்கையை ஊதிக்கொண்டிருந்தாள். வலித்திருக்கும். நான் தடுத்திருக்கலாம். உலையில் அரிசி போட வேண்டியிருந்தது, போட்டேன்.

அம்மா திரும்பி வரவில்லை. பெட்டியில்தான் வந்தாள். வீடெல்லாம் கூட்டம். பாஸ்டர் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். மெர்சி கூட்டத்துக்குள் நுழைந்து என்னிடம் வந்தாள். "எல்லாத்தயும் ஊதிட்டேன்கா" என்றாள். குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். வலது இமை வழவழவென்று இருந்தது. இடது இமையின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் முடி நின்றது.

"இடது கண்ணுல மிச்சம் வச்சுட்டியே, மெர்சி" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் மிச்சம் வைத்ததே இல்லை. முளைக்க முளைக்கப் பிடுங்கினாள். பரீட்சைக்குப் படிக்கும்போது, நைனாவுக்காகக் காத்திருக்கும்போது, தூக்கத்திலும்கூட. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மொட்டைக்கண்ணி என்று பெயர் வைத்தார்கள். தீக்குச்சி வைத்துப் பார்க்க அதன்பிறகு யாரும் வரவில்லை.

நான் பியூட்டிஷியன் கோர்ஸ் முடித்த கையோடு முதன்முதலில் வாங்கிய பொருள் மெர்சிக்கு ஒரு ஜோடி ஐலாஷ். என் முதல் வாடிக்கையாளர் அவள்தான். ஐலாஷை அவள் கண்ணின் அளவுக்கு நறுக்கி, ஓரத்தில் பசை தடவி, அது கொஞ்சம் இறுகும் வரை பொறுத்து, ஒட்டினேன். கண்ணாடியைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, ரொம்பவே சந்தோஷமாக இருந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையில் என் மடியில் தலை வைத்துப் படுப்பாள். நான் ஒட்டிவிடுவேன். அவள் மொபைல் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அப்படித்தான். வேன் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். அசையக்கூடாது. பேசக்கூடாது. முக்கியமாக அழக்கூடாது. கண்ணீர் பட்டால் பசை விட்டுவிடும் என்று சொல்லிவைத்திருந்தேன். மெர்சி சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். நைனா இறந்த அன்று எல்லாரும் அழுதார்கள், அவள் அழவில்லை. சபையில் சிலர் அதைத் தப்பாகப் பேசினார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியும்.

"கண்ண இமை காக்கற மாதிரி தங்கச்சிய காக்கறா" என்று சொந்தக்காரர்கள் என்னைப் பற்றிச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும்.

தானாக ஒட்டிக்கொள்ள நான் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. கேட்டாள். "உனுக்கு கை நடுங்கும்டி" என்றேன். நான் பக்கத்தில் நின்று பார்க்கும்போது நடுங்கத்தான் செய்தது. ஒருநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் தானே ஒட்டிக்கொண்டு வேனுக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் பார்த்தேன். வலது பக்கம் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரை நிற்காது என்று பார்த்தவுடன் தெரிந்தது. சொல்லவில்லை. பட்டால்தான் புத்தி வரும். கேன்டீனில் சாம்பார் கிண்ணத்தில் விழுந்ததாம். கூட வேலை செய்கிறவர்கள் ஏதோ பூச்சி என்று அலறி, பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் தானாகவே வந்து மடியில் படுத்தாள்.

அப்படியே போயிருந்தால் யாருக்கும் எந்தக் குறையும் இருந்திருக்காது. ரகு வந்தான்.

ரகு திருநின்றவூர்க்காரன். இங்கே ஒரு இரும்பு உருட்டாலையில் கிரேன் ஓட்டுகிறான். தினமும் ரயிலில் வருவான். அவன் அம்மா கிரேஸ் எங்கள் சபைக்குப் பழக்கம். பையனைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடிக்கிற பழக்கம் இல்லை. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். கல்யாணப் பேச்சு வந்தபோது நான் தடுக்கவில்லை. தடுக்க அவசியம் இல்லை என்று நினைத்தேன். ஐலாஷைக் கழற்றிவிட்டு மெர்சி எந்த ஆண் முன்னாலும் நிற்க மாட்டாள். கல்யாணமானாலும் தினமும் காலையில் அவளுக்கு நான் வேண்டும். இங்கேயே பக்கத்தில் வீடு பார்க்கச் சொல்லலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ரகுவோடு வெளியே போனவள் வெறும் கண்ணோடு வீட்டுக்கு வந்தாள்.

"அவருகிட்ட காட்டிட்டேன்கா."

"இன்னாத்த காட்டின?"

"ஐலாஷ கயட்டிக் காட்டிட்டேன். ஸ்டேஷன் பெஞ்சுல ஒக்காந்துகினு இருந்தோம். கொஞ்ச நேரம் பாத்துகினே இருந்தாரு. 'பாக்கறது கண்ணு தான, முடியா பாக்குது'ன்னாரு. அப்பால எய்ந்து போயி டீ வாங்கினு வந்தாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஐலாஷ் ஒட்டத் தொடங்கியதிலிருந்து அந்த மொட்டைக் கண்ணை அவளாக என் ஒருத்திக்குத்தான் காட்டியிருந்தாள். என் மடியில், என் வெளிச்சத்தில். அதை அவள் ரயில்வே பெஞ்சில் வைத்து, போகிற வருகிற ஜனங்களுக்கு நடுவே, ஒருவனுக்குக் கழற்றிக் காட்டியிருக்கிறாள். "சோறு ஆறுது, போய்த் துன்னு" என்றேன்.

ரகு அவளைத் திருவள்ளூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். முடி பிடுங்குவது ஒரு மனக்கோளாறுதான், கையை வேறு வேலையில் பழக்கினால் நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னாராம். அடுத்த நாளே ரகு ஒரு சின்ன இரும்புக் குண்டு கொண்டுவந்து கொடுத்தான். பழைய பேரிங்கிலிருந்து எடுத்தது, பளபளவென்று இருக்கும். கை கண்ணுக்குப் போகிறபோதெல்லாம் மெர்சி அதை உள்ளங்கையில் வைத்து உருட்டுவாள். டிவி பார்க்கும்போது உருட்டுவாள். ஜெபம் பண்ணும்போதும் உருட்டுவாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு இரும்புக் குண்டு என்ன செய்துவிடும்?

முடி முளைத்தது. முதலில் ஓரத்தில், பிறகு நடுவில். அறுத்த வயலில் மறுபடி துளிர்க்கிற மாதிரி அங்கங்கே. மடியில் படுத்திருக்கிறவளின் இமையில் அதை முதலில் பார்த்தவள் நான்தான். ஐலாஷைக் கழற்றும்போது கொஞ்சம் வேகமாக இழுத்தால் புது முடி கூடவே வந்துவிடும். சில நாள் அப்படி இழுத்தேன். அவள் அதைக் கவனித்தாளோ என்னவோ, சாயங்காலம் தானே எண்ணெய் தொட்டு மெதுவாகக் கழற்றிக்கொள்ள ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு நாள் குறித்த சமயத்தில் இரண்டு கண்ணிலும் முடி நின்றுவிட்டது. குட்டையாகத்தான் இருந்தது. ஆனால் நின்றது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பார்லருக்கு வந்தாள். கையில் ஒரு மஸ்காரா. அவளே கடையில் வாங்கியிருந்தாள்.

"கல்யாணத்துக்கு ஐலாஷ் வேணாம்கா. என்னோட முடியே இருக்கட்டும். மஸ்காரா மட்டும் போதும்."

"என் கடைல இல்லாத மஸ்காராவா?"

"இல்லக்கா, சும்மா ஆசையா வாங்குனேன். நீயே போட்டு வுடு. உன் கையால போட்டாத்தான் நல்லா இருக்கும். அப்பால நானே போட்டுப்பேன். கத்துக்கறேன்."

அப்பால நானே போட்டுப்பேன். அன்றைக்கு முழுவதும் அதுதான் காதில் ஓடியது. அவள் வாழப்போகிற வீடு திருநின்றவூரில். ரயில் ஏறிப் போய்விடுவாள். காலையில் எழுந்து தன் கண்ணுக்குத் தானே மஸ்காரா போட்டுக்கொள்வாள். என் மடி எதற்கு?

கல்யாணத்தன்று காலை அவளைப் பார்லரில் வைத்துத்தான் அலங்கரித்தேன். வேறு பெண்களை உள்ளே விடவில்லை. கூட்டம் இருந்தால் எனக்குக் கை ஓடாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். வெள்ளைப் பட்டு கட்டி, கொண்டை போட்டு, வலைத்துணி குத்தி, முகம் முடித்தேன். கடைசியாகக் கண். அவள் வாங்கிவந்த மஸ்காராவையே போட்டேன். கீழிருந்து மேலாக இரண்டு இழுப்பு. காய்ந்ததும் கண்ணைத் திறக்கச் சொன்னேன்.

நன்றாக இருந்தது, மேடம். தொழில்காரியாகச் சொல்கிறேன், அந்தக் கண்ணுக்கு ஐலாஷ் தேவையே இல்லை. அம்மா தீக்குச்சி வைத்துக் காட்டிய கண் திரும்பி வந்திருந்தது. கண்ணாடியில் அவள் தன்னைப் பார்த்தாள். பின்னால் நான் நிற்கிறேன். அவள் பார்வை என் மேல் வரவே இல்லை.

"போட்டோல கண்ணு தெரியாதுடி. லேசா ஒன்னு வச்சு வுடறேன்" என்றேன்.

"வேணாம்னு சொன்னேனேக்கா."

"கல்யாணப் பொண்ணு மாதிரியா இருக்க? நாளைக்கு ஆல்பத்த பாத்து நீயே அய்வ."

இரும்புக் குண்டை இரண்டு முறை உருட்டினாள். "சரிக்கா. உனக்குத்தான் தெரியும்" என்று மடியில் படுத்துக் கண்ணை மூடினாள்.

இங்கேதான் நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். ஐலாஷ் பசையும் நகம் ஒட்டுகிற பசையும் ஒரே மாதிரி குட்டிக் குப்பியில் இருக்கும், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, அவசரத்தில் கை மாறிவிட்டது என்று மெர்சி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். குப்பிகள் ஒரே மாதிரிதான். புதிதாகத் தொழில் கற்கிறவர்கள் அப்படி மாற்றி எடுத்து வம்பில் மாட்டிக்கொண்டதும் உண்டு. அதனால்தான் நான் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. ஐலாஷ் பசை கண்ணாடிக்கு முன்னால் இருக்கும். நகப் பசை எதிர்ச் சுவரில் இரும்பு அலமாரிக்குள் இருக்கும். நான் மெர்சியின் தலையைத் தூக்கித் தலையணையில் வைத்துவிட்டு எழுந்து போய், அலமாரியைத் திறந்து, நகப் பசையை எடுத்துக்கொண்டு வந்து, மறுபடி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கை மாறுவதற்கு அங்கே என்ன இருந்தது?

அந்தப் பசை கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று கோர்ஸில் ஆரம்பத்திலேயே சொல்லித்தருகிறார்கள். இமை முடி மட்டும் போகட்டும் என்றுதான் நினைத்தேன், கண்ணைக் கெடுக்க நினைக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். எனக்குத் தெரிந்த தொழிலைத் தெரியாது என்று ஏன் சொல்ல வேண்டும்?

வலது கண்ணில் ஒட்டினேன். உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது.

"அக்கா, எரியுதுக்கா."

"புதுப் பசைடி. கொஞ்சம் எரியும். இறுக்கி மூடிக்கோ."

மூடிக்கொண்டாள். கத்தவில்லை. அழக்கூடாது என்றுதான் பழக்கியிருந்தேனே. உதட்டைக் கடித்துக்கொண்டு, கையில் அந்தக் குண்டைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் கிடந்தாள். அப்போது வாசல் கதவைத் தட்டுகிறார்கள். கிரேஸ் மணப்பெண்ணை அழைத்துப்போக வந்துவிட்டாள். "ஸ்தோத்திரம்மா சுகிர்தா, ஆச்சா? பாஸ்டர் வந்துட்டாரு" என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தாள். நான் அப்போதே நிறுத்தியிருக்கலாம். கதவைத் திறந்து, தப்பு நடந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தால் ஒரு கண்ணோடு போயிருக்கும்.

"இன்னும் ஒன்னுதான் பாக்கி, வந்துட்டோம்" என்றேன்.

இடது கண்ணையும் முடித்தேன். மிச்சம் வைக்கவில்லை.

குண்டு அவள் கையிலிருந்து விழுந்து தரையில் உருண்டு போனது அதற்குப் பிறகுதான். கண்ணைத் திறக்க முயன்றாள், முடியவில்லை. காற்றில் கையைத் துழாவி என் முகத்தைத் தேடினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கதவைத் திறந்தபோது கிரேஸ் கண்டது அதைத்தான், தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அக்காவை. ஆம்புலன்ஸிலும் அந்தக் கையை நான் விடவில்லை.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். இமையைப் பிரித்தபோது புது முடி முழுவதும் ஐலாஷோடு வந்துவிட்டது. வலது கண்ணில் மங்கலாகப் பார்வை இருக்கிறது. இடது கண்ணில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உங்களுக்குத் தகவல் வந்தது, கிரேஸும் சந்தேகமாக ஏதோ சொன்னாள். நீங்கள் மெர்சியைக் கேட்டீர்கள். "அக்கா வேணும்னு செய்யல, கை தவறிடுச்சு" என்று சொல்லிவிட்டாள். நீங்களும் விபத்து என்று எழுதி முடிக்கப்போகிறீர்கள்.

நான் ஒன்று எதிர்பார்த்தேன். ரகு போய்விடுவான், மெர்சியை நான் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாம் என்று. வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். நாஷ்டாவை ஊட்டிவிட்டிருப்பேன், தலை சீவிவிட்டிருப்பேன். ரகு போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தான். கண் கட்டைப் பிரித்த வாரத்தில் பாஸ்டரைக் கூப்பிட்டுச் சபையில் நாலு பேரை வைத்துத் தாலி கட்டிவிட்டான். மெர்சி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றாளாம். யாரும் மேக்கப் போடவில்லையாம். என்னைக் கூப்பிடவில்லை. இப்போது திருநின்றவூரில் இருக்கிறாள்.

நானாக ஏன் வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். பஜாரில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் உச்சுக்கொட்டுகிறார்கள். பாவம், சொந்தத் தங்கச்சிக்கே கை தவறிடுச்சே என்கிறார்கள். புருவம் எடுக்க வருகிற பெண்கள் குப்பியைத் திருப்பிப் பெயர் படித்துப் பார்க்கிறார்கள். இத்தனை வருடத் தொழிலில் எனக்குக் கை தவறியதே இல்லை, மேடம். அலமாரியைத் திறந்து எடுத்துவந்து, சரியாக எங்கே வைக்க நினைத்தேனோ அங்கே வைத்தேன். கண்ணைக் கெடுத்தவள் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேலை தெரியாதவள் என்று எழுதாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் ரகு சாப்பாடு வாங்கப் போயிருந்தான். மெர்சியின் இரண்டு கண்ணிலும் கட்டு. நான் பக்கத்தில் இருப்பதை எப்படியோ தெரிந்துகொண்டாள்.

"அலமாரி கதவு சத்தம் கேட்டுச்சுக்கா" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சின்ன வயசுல முடிய புடுங்கி ஊதுவேனே. அம்மாவுக்குன்னு நெனச்சுகினு இருக்கியா?"

"வேற எதுக்கு?"

"மொதல்ல அம்மாவுக்குத்தான். அம்மா செத்தப்பறம் புடுங்குனது எல்லாம் உனுக்கு. அக்கா என்னிய மடில படுக்க வச்சிக்கணும், ஒரு தடவையாச்சும் கொஞ்சணும். தெனமும் அதான் கேப்பேன். சொன்னா பலிக்காதுன்னு இத்தினி வருசமா சொல்லல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "இப்ப சொல்லிட்டேன். இனிமே அது வேணாம்கா. நீ ஊட்டுக்குப் போ."

கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் கேட்டது என் மடி. தினமும் கிடைத்தது. கடைசிக் காலையிலும் கிடைத்தது. ஊதிக் கேட்ட பிள்ளைகளில் யாருக்கு இப்படிக் கேட்டது கேட்டபடியே நடந்திருக்கிறது? நடத்திக் கொடுத்தவள் நான். அப்படியிருந்தும் அவள் ஏன் கையை இழுத்துக்கொண்டாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை, மேடம்.